கஹ்வாக் கோப்பையும் குந்திரிக்கப் புகையும்

வளைகுடா நாடொன்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொருளீட்டித் திரும்பிய நம்மவர் ஒருவரிடம் அந்நாட்டின் சாலைகளைப் பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வார். அங்காடிகள், கட்டடங்கள், கோடை வெயில், சம்பள நடைமுறை யாவும் அவருக்கு மனப்பாடம். அந்நாட்டார் ஒருவரின் வீட்டில் பெருநாளன்று என்ன சமைப்பார்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்குவர். அந்த வீடுகளின் வாயில் வரை அவர்கள் சென்றிருப்பர். சாமான் இறக்கவும் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்கவும் உள்ளேயும் சென்றிருப்பர். ஆனால் விருந்தினராகச் சென்றிருக்க மாட்டார்கள்.

நாமும் ஒமானில் முதல் இரண்டாண்டுகளை அவ்வாறே கழித்தோம். 2006 முதல் 2011 வரை, மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. உள்நாட்டில் இருக்கும் நிஸ்வா நகரில், ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் பணி நமக்கு வாய்த்திருந்தது. பேரீச்சந் தோப்புகளும், மலையடியிலிருந்து நீரைக் கொண்டுவரும் ஃபலஜ் என்னும் பழங்கால்வாய்களும், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையும் உள்ள பழைய ஊர் அது. ஐவேளையும் ஊர் மக்களோடு ஒரே வரிசையில் நின்று தொழுதோம். தொழுகை முடிந்தால் அவர்கள் தம் வீடுகளுக்குச் சென்றனர். நாம் நம் அறைக்குத் திரும்பினோம். இதில் குறை சொல்ல ஏதுமில்லை என்றே அப்போது எண்ணியிருந்தோம்.

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகளைக் கூறுமிடத்து அச்சொல்லைப் புதியதாய்ப் படைத்தல் என்ற பொருளிலேயே ஆள்கிறது. முன்பின் அறியாதவராய் வந்தவரே விருந்து. உற்றார் உறவினரை அழைத்து உண்பிப்பதற்கு நாம் இன்று அச்சொல்லைப் பயன்படுத்துவது பிற்காலத்து வழக்கு. அரபியில் விருந்தினரைக் குறிக்கும் ‘ளைஃப்’ என்னும் சொல்லின் வேருக்குச் சாய்தல், ஒருபால் திரும்புதல் என்று அகராதியாளர் பொருள் காண்பர். வழியே சென்றுகொண்டிருந்தவன் ஒரு வீட்டை நோக்கித் திரும்புகிறான், அவனே விருந்தினன். இரு மொழிகளும் நடுவில் நிறுத்தியிருப்பது அயலானைத்தான் என்பது கருதத்தக்கது.

ஒமானின் உள்நாட்டுப் பகுதி வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உயர்ந்த மதிலும் பெரிய இரும்புக் கதவும் மட்டுமே தெரியும். இது அயலாரை விலக்கும் அமைப்பு என்று நாம் முதலில் கருதினோம். அது தவறு என்பது உள்ளே சென்ற பின்னரே புரிந்தது. தெருவாயிலை ஒட்டியே மஜ்லிஸ் என்னும் விருந்தினர் கூடம் இருக்கும். வீட்டின் உட்பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லாதவாறு தனி வழியும், கை கழுவத் தனி இடமும் உண்டு. வீட்டுப் பெண்களின் நடமாட்டத்துக்கு இடையூறின்றி எந்த நேரத்திலும் எவரையும் வரவேற்பதற்கான ஏற்பாடு அது. காயல்பட்டினத்தில் பெண்கள் புழங்குவதற்கென்றே விடப்பட்ட முடுக்குகளை அறிந்த வாசகர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தனித்தனி வீட்டு மஜ்லிஸ்கள் போக, ஊருக்கோ குலத்துக்கோ பொதுவான ‘ஸப்லா’ என்னும் கூடங்களும் உள்நாட்டு ஊர்களில் உண்டு. துக்கம் கேட்பது, வழக்குத் தீர்ப்பது, வெளியூரார் தங்குவது யாவும் அங்கேதான். மஜ்லிஸையும் அரபுக் காப்பியையும் ஒமான், சவூதி அரேபியா, கத்தர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ 2015இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

2008ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள். நம்முடன் பணியாற்றிய கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அதற்கு முன்னும் பலமுறை அவர் ‘தஃபள்ளல்’ என்று சொன்னதுண்டு. தெருவில் காப்பி அருந்திக்கொண்டிருப்பவர்கூட நடந்து செல்பவரைப் பார்த்து அவ்வாறு சொல்வது அந்நாட்டு வழக்கமாதலால், அதை நாம் ஒரு முகமன் என்றே கொண்டு, நன்றி கூறி நகர்ந்துவிடுவோம். இம்முறை அவர் நாளும் நேரமும் குறித்தார். வராவிட்டால் தாமே வந்து அழைத்துச் செல்வதாக ஆணையிட்டும் சொன்னார்.

இனிப்புப் பெட்டி ஒன்றுடன் சென்றோம். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தாரே தவிரப் பிரித்துப் பார்க்கவில்லை. சுவரோரம் விரிப்பில் அமர்ந்தோம். முதலில் பேரீச்சம்பழமும் ஒமானி ஹல்வாவும் வந்தன. பின்னர் அவருடைய மகன், பன்னிரண்டு வயதிருக்கும், இடக்கையில் ‘தல்லா’ என்னும் கூர்மூக்குக் கெண்டியும் வலக்கையில் பிடியில்லாத சிறு கோப்பைகளுமாக வந்து நின்றான். ஏலக்காய் மணக்கும் சர்க்கரையற்ற கஹ்வாவைக் கோப்பையின் அடியில் மட்டும், இரண்டு மூன்று வாய் கொள்ளுமளவு ஊற்றிக் கொடுத்தான். கஞ்சத்தனமோ என்று நம் மனத்துக்குள் ஓர் ஐயம் எழுந்ததை மறைப்பதற்கில்லை. குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினோம், மீண்டும் ஊற்றினான். மறுத்தால் மனம் புண்படுமே என்று குடித்தோம், மீண்டும் ஊற்றினான். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே நம் மணிக்கட்டைப் பற்றி இலேசாக அசைத்துக் காட்டினார். கோப்பையை இருபுறமும் ஆட்டித் திருப்பித் தந்தால் போதும் என்று பொருள். ஆட்டாமல் தந்தால் இன்னும் வேண்டும் என்று பொருள். விருந்தினர் போதுமென்று காட்டும்வரை ஊற்றுபவன் அமரக்கூடாது. நம் அறியாமையால் அந்தச் சிறுவன் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறான்.

கோப்பையை நிறைக்காமைக்கும் காரணம் உண்டு. நிறைய ஊற்றிய கோப்பை குடித்துவிட்டுப் போ என்று சொல்வதாக ஆகிவிடும். சிறிது சிறிதாக ஊற்றும்போது ஊற்றுபவனின் கவனம் விருந்தினரைவிட்டு அகலாது, காப்பியும் ஆறாது. பெரும்பாலோர் மூன்றுக்கு மேல் குடிப்பதில்லை என்பதைப் பிற்பாடு கவனித்தோம்.

காப்பி சுற்றி வரும்போதே செய்தி கேட்கும் சடங்கும் நடைபெறும். வந்தவரிடம் என்ன சேதி என்று வீட்டுக்காரர் கேட்பார். எல்லாம் நலமே என்று வந்தவர் சொல்வார். தந்தை இறந்த செய்தியைச் சுமந்து வந்திருந்தாலும் முதல் விடை அதுதான். 1945க்கும் 1950க்கும் இடையே ஒட்டகத்தில் ரூபுல் காலிப் பாலையைக் கடந்த ஆங்கிலேயர் வில்ஃபிரட் தெசிகரும் தம் பயண நூலில் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். உண்மைச் செய்தி மெல்ல மெல்லப் பின்னர் வெளிவரும். அன்று நம்மிடமும் கேட்டார். நம் தாயாருக்கு உடல்நலமில்லை என்றும் ஊர் செல்ல விடுப்புக் கிடைக்கவில்லை என்றும் எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிட்டோம். அவர் முகம் வாடியது. விருந்தினரின் துயரத்தைக் கேட்டுவிட்டு வாளாவிருத்தல் அவர் மரபில் இல்லை போலும். மறுவாரமே நிறுவன மேலாளரிடம் நமக்காகப் பேசியிருக்கிறார். அதை அவர் நம்மிடம் சொல்லவேயில்லை. விடுப்பு உத்தரவு வந்தபின் வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

பிறகு ஒரு பெருந்தட்டில் சோறும் அதன்மேல் ‘ஷுவா’ இறைச்சியும் வந்தன. மசாலை தடவிய இறைச்சியை இலையில் பொதிந்து, பனையோலைக் கூடைபோல ஈச்ச ஓலையில் முடைந்த பையிலிட்டு, தெருவார் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் நிலத்தடிச் சூளையில் இறக்கி மூடிவிடுகிறார்கள். ஒரு நாளோ இரு நாளோ கழித்து எடுக்கும்போது எலும்பைத் தொட்டாலே சதை கழன்று வரும். ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்தோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம்மவர் ‘ஸஹன்’ வைத்து உண்பது போன்றதே இது. வீட்டுக்காரர் தாம் உண்பதாகக் காட்டிக்கொண்டு, நல்ல துண்டுகளைப் பிய்த்து நம் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார்.

இங்கும் நாம் ஒரு பிழை செய்தோம். உணவை வீணாக்கலாகாது, தட்டை வழித்து உண்ண வேண்டும் என்பது சிறு வயது முதல் நமக்குச் சொல்லித்தரப்பட்டது. தட்டில் நம் பக்கத்தைச் சுத்தமாக முடித்தோம். அடுத்தவர் பக்கமும் கை நீளத் தொடங்கியது. அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மெதுவாக, எழலாமே என்றார். விருந்தினர் உண்டு எழுந்தபின் அந்தத் தட்டு உள்ளே போகும். வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் அதிலிருந்து உண்பார்கள் என்பது பின்னரே தெரிந்தது. பெருந்தட்டு குவிந்து வருவது பகட்டுக்காக என்று எழுதும் பயணக் கட்டுரையாளர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்றைய நகரத்து விருந்துகளில் மீந்த சோறு குப்பைத்தொட்டிக்குப் போவதும் உண்டுதான். அதை அந்நாட்டு ஆலிம்களே கண்டிக்கிறார்கள். நாம் சொல்வது வீட்டு விருந்தைப் பற்றி.

ஸஹன் என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி. அரபியில் அதற்குத் தட்டு என்றும் முற்றம் என்றும் பொருளுண்டு. 14ஆம் நூற்றாண்டில் நிஸ்வாவுக்கு வந்த இப்னு பதூதா, அவ்வூரார் பள்ளிவாசல் முற்றங்களில் கூடி உண்பதாகவும், ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைக் கொண்டுவருவதாகவும், போவோர் வருவோரும் அவர்களோடு அமர்ந்து உண்பதாகவும் எழுதுகிறார். முற்றத்தைக் குறிக்க அவர் ஆளும் சொல் ஸஹன் என்பதன் பன்மையே. அவ்வூர் மக்களின் வேறு சில வழக்கங்களை அவர் குறைகூறவும் செய்கிறார். அவர் மாலிக்கி மத்ஹபினர், அவர்கள் இபாளிகள். ஆயினும் அந்த உணவு முறையை மறக்காமல் எழுதிவைத்தார். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழகக் கடற்கரை வரை வந்த அம்மனிதரின் முப்பதாண்டுப் பயணம், பெரும்பகுதியும் பிறர் வீட்டுச் சோற்றாலேயே நடைபெற்றது என்பதை நினைவிற் கொண்டால், இத்தகைய குறிப்புகளை அவர் ஏன் விடாமல் எழுதினார் என்பது விளங்கும்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் முன்பின் அறியாத விருந்தினர் வந்த நிகழ்ச்சியைத் திருமறையின் ‘அத்தாரியாத்’ அத்தியாயம் கூறுகிறது. விரிவுரையாளர்கள் அதில் மூன்று நுட்பங்களை எடுத்துக்காட்டுவர். உண்கிறீர்களா என்று அவர்கள் முன்கூட்டிக் கேட்கவில்லை. வந்தவர்கள் அறியாதவாறு நழுவிச் சென்று ஏற்பாடு செய்தார்கள். உணவு இருக்குமிடத்துக்கு அவர்களை அழைக்காமல், உணவை அவர்களருகே கொண்டுவந்து வைத்தார்கள். நிஸ்வாவில் அன்று நாம் கண்டது இம்மூன்றும் அப்படியே கடைப்பிடிக்கப்படுவதைத்தான். விருந்தளிப்போர் கடமையைச் சொன்ன மார்க்கம் விருந்தினர் கடமையையும் விட்டுவைக்கவில்லை. அனுமதியின்றி நுழையலாகாது, திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும், உண்டபின் பேச்சில் ஆழ்ந்து இருந்துவிடலாகாது என்று குர்ஆன் அறிவுறுத்துகிறது. விருந்து மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம், வீட்டாருக்குச் சுமையாகும்வரை தங்குதல் ஆகாது என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து.

போ என்று வாய்திறந்து சொல்ல முடியாத வீட்டுக்காரருக்கும், எப்போது எழுவது என்று தெரியாத விருந்தினருக்கும் இடையே ஒமானியர் ஒரு நடுவரை வைத்திருக்கிறார்கள். அதுதான் குந்திரிக்கப் புகை. நாட்டின் தென்பகுதியான ளுஃபாரில் விளையும் அந்தப் பிசினுக்கு அரபியில் ‘லுபான்’ என்று பெயர். நம் வீடுகளில் இடும் சாம்பிராணி வேறு மரத்தின் பிசின். உண்டு, கை கழுவி, இரண்டாம் முறை கஹ்வா அருந்தியபின் தணல் இட்ட தூபக்கலம் சுற்றி வரும். ஆளுக்கு ஆள் கைமாற்றித் தாடியிலும் ஆடையிலும் புகையை வாங்கிக்கொள்வார்கள். புகை வந்தபின் இருக்கை இல்லை என்பது அரபுப் பழமொழி. அன்று எல்லாரும் எழுந்த பின்னும் நாம் மட்டும் அமர்ந்திருந்தோம். அது நம் மூன்றாவது பிழை.

பிழைகள் இவ்வளவு நேர்ந்தும் அவர் நம்மை மீண்டும் அழைத்தார். அடுத்த மூன்றாண்டுகளில் எத்தனையோ முறை அங்கே உண்டோம். ஒருநாள் நாம் கேட்டேவிட்டோம்: ஊரில் ஆயிரக்கணக்கான அயல்நாட்டார் இருக்க, எம்மை ஏன்? அவர் தம் தந்தையாரைப் பற்றிச் சொன்னார். 1960களில் குவைத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர் அவர். எண்ணெய் வருவாய் மக்களைச் சென்றடையாத, நாடு முழுமைக்கும் மூன்றே பள்ளிக்கூடங்கள் இருந்த காலம் அது. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வரும்வரை ஒமானியர் பலர் குவைத்திலும் பஹ்ரைனிலும் சவூதியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிழைப்புத் தேடினர். ஸன்ஸிபாரில் தலைமுறைகளாக வாழ்ந்த ஒமானிக் குடும்பங்கள் 1964ஆம் ஆண்டுப் புரட்சியில் அனைத்தையும் இழந்து வெளியேறின. குவைத்தில் ஆறாண்டுகள் இருந்த அத்தந்தையாரை ஒரே ஒரு வீட்டார் ஒரு பெருநாளன்று உள்ளே அழைத்து உணவளித்தனர். அந்த ஒரு வேளைச் சோற்றைப் பற்றி அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அழைக்காத மற்ற வீடுகளைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லையாம்.

இதனால் அந்நாட்டார் அனைவரும் இவ்வாறே என்று நாம் எழுதப் புகவில்லை. அயல்நாட்டுத் தொழிலாளிக்கு அங்கே தெரிந்த உள்நாட்டார் பெரும்பாலும் ஒருவரே; அவர் ‘கஃபீல்’. பொறுப்பேற்பவர் என்பது அச்சொல்லின் பொருள். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஸக்கரிய்யா நபி (அலை) ஏற்றதைக் கூறும்போது குர்ஆன் ஆள்வதும் இவ்வேரிலிருந்து வந்த சொல்லையே. அத்தகைய சொல் வேலை அனுமதித் தாளில் ஏறியபின், தொழிலாளியின் போக்குவரத்தைப் பிடித்துவைக்கும் அதிகாரத்தின் பெயராயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்றின்றி வேறு பணிக்கு மாறலாம் என்ற விதி ஒமானில் 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஊருக்கு வெளியே முகாம்களில் தங்கி, இருட்டில் பேருந்தேறி, இருட்டில் திரும்புவோரை எந்த மஜ்லிஸ் அழைக்கும்? வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தும் ஒருநாளும் விருந்தினராகாத பணிப்பெண்கள், ஓட்டுநர்கள் நிலை இன்னும் வேறு. நம் நண்பர் வீட்டுத் தட்டில் அவர்களுடைய கேரளத்து ஓட்டுநரும் அமர்ந்தார். பிற வீடுகளில் அவ்வாறு நாம் கண்டது குறைவு.

2014இல் அந்நண்பர் மூட்டுவலிச் சிகிச்சைக்காகச் சென்னை வந்தார். ஒமானியர் மருத்துவத்துக்குச் சென்னை வருவது புதிதன்று. ஆயிரம் விளக்குப் பகுதியில் அரபிப் பெயர்ப்பலகைகளைக் காணாதவர் இல்லை. அவர் தங்கியிருந்த விடுதிக்கு நாள்தோறும் சென்று பார்த்தோம். வேண்டியதை வாங்கிக் கொடுத்தோம், மருத்துவரிடம் மொழிபெயர்த்தோம். வீட்டுக்கு மட்டும் அழைக்கவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள், மின்தூக்கி இல்லை, மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். உள்ளபடியே தடுத்தது வீட்டின் சிறுமை பற்றிய வெட்கம். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தபின் நம் தாயார் ஒருநாள் கேட்டார்: “அந்த மனிதர் ஊர் திரும்பிப் போய், எங்கே சாப்பிட்டேன்னு சொல்லுவாரு?”

வியாழன் மாலை அழைத்துவந்தோம். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். அமர்ந்ததும், உள்ளிருந்து தாயார் கொடுத்தனுப்பிய தேநீரை நம் மகன் ததும்பத் ததும்ப ஊற்றினான். அவர் குடித்துவிட்டு டம்ளரை இருபுறமும் ஆட்டிக் கொடுத்தார். மகன் என்ன செய்வதென்று அறியாமல் உள்ளே போய்ச் சொல்ல, பிடித்திருக்கிறது போலும், இன்னும் ஊற்று என்று தாயார் நிறைத்துவிட்டார். இரண்டாம் முறையும் ஆட்டினார்; மூன்றாம் டம்ளர் வந்தது. நாம் அப்போது அருகிலிருந்த கடைக்கு இறங்கியிருந்தோம். திரும்பி வரும்போது அவர் நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்த பார்வையில், நிஸ்வாவில் நாம் குடித்த ஒன்பது கோப்பைகளும் நினைவுக்கு வந்தன.

மஃரிப் தொழுதோம். வெள்ளி இரவாதலால் தாயார் வழக்கம்போல் சாம்பிராணிக் கரண்டியை அறை அறையாகக் கொண்டுசெல்லப் பணித்தார். மகன் அதை ஏந்தியவாறு கூடத்துக்குள் நுழைந்தான். புகையைக் கண்டதும் நண்பர் சட்டென்று சுவரைப் பிடித்து எழுந்தார். தாடியில் சற்றுப் புகை வாங்கிக்கொண்டார். நம் கையைப் பற்றி, வீட்டாருக்கு பரக்கத் வேண்டித் துஆ செய்துவிட்டுச் செருப்பைத் தேடலானார். அடுப்பில் சோறு அப்போதுதான் தம்மில் இருந்தது. நாம் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றோம்.